படிக்காமல் விட்ட பிழை

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'ஒண்ணுவிடாம' என்று பெயர். வைத்தவன் நான்தான். தலைவலி மாத்திரை வாங்கினால், பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்களே, அதை ஒண்ணுவிடாமல் படித்து முடித்த பிறகுதான் மாத்திரையை வாயில் போடுவாள். அதற்குள் தலைவலியே சலித்துப்போய்க் கிளம்பிவிடும். லிஃப்டில் ஒட்டிய எச்சரிக்கை, பேருந்துச் சீட்டின் பின்பக்கம், வாடகை ஒப்பந்தத்தில் யாரும் புரட்டாத பக்கங்கள் என்று எதையும் விட மாட்டாள். அவள் புருஷன் ஒருமுறை என்னிடம் அலுத்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஆசையா எழுதின லெட்டர்ல தப்பெல்லாம் திருத்தித் திருப்பி அனுப்பினவ சார் இவ. கடைசிப் பக்கம் வரைக்கும்!"

பதிலுக்கு என்னை அவள் 'திருப்புளி' என்பாள். நான் வன்பொருள் ஆள். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் மூடியைக் கழற்றிப் பார்க்கிறவன். பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் அதட்டுவாள், நான் முறைப்பேன், இரண்டு பேருமாக வேலையை முடித்துவிடுவோம். அவளைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான மருந்து அலமாரி. இரும்பு அலமாரிதான். உள்ளே கடுமையான வலி மருந்துகள், மயக்க மருந்துகள் இருக்கும். நர்ஸ் தன் கார்டைச் செருகினால், உள்ளங்கை அளவுள்ள ஒரு கணினி அந்தக் கார்டில் பதிந்திருக்கும் மின் கையெழுத்தைச் சரிபார்க்கும். சரியாக இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது, ஏன் திறக்கவில்லை என்று லாக் என்கிற பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். இரும்பும் ஒயரும் என் பொறுப்பு. உள்ளே ஓடும் சி மொழிப் புரோகிராம் அவள் பொறுப்பு. கையெழுத்தைச் சரிபார்க்கிற கணக்கு மட்டும் எங்களுடையது அல்ல. அதற்கென்று கெட்டிக்காரர்கள் எழுதி, எல்லோருக்கும் பொதுவாக விட்டிருக்கும் ஒரு கிரிப்டோ லைப்ரரி, அதாவது ரகசியக் குறியீட்டுப் புரோகிராம்களின் தொகுப்பு இருக்கிறது. அதைக் கூப்பிட்டுக் கேட்பதோடு எங்கள் வேலை முடிந்தது.

அவளுக்கு ஒரே தங்கை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால், சின்னவளுக்குத் தலை பின்னியதும் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும் நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டதும் எல்லாம் இவள்தான். சின்னவளுக்கு வேலை கிடைத்த மருத்துவமனையிலேயே எங்கள் அலமாரியும் போய் நின்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பூட்டு, என் தங்கச்சி கையில சாவி" என்று அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தாள். அதையும் மூலப்பொருள் பட்டியல் படித்துப் பார்த்துத்தான் வாங்கியிருப்பாள்.

அந்தச் சின்னவள்தான் ஒருநாள் காலையில் போன் செய்தாள். பேசி முடித்ததும் இவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னாச்சும்மா?"

"சின்னவள வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. போலிக் கார்டு போட்டாளாம்."

நடந்தது இதுதான். விடிந்ததும் ஒரு நோயாளிக்கு வலி தாங்கவில்லை. சின்னவள் கை கழுவிய ஈரத்தோடு ஓடிப்போய்க் கார்டைச் செருகி, செருகிய வேகத்தில் பிடுங்கியிருக்கிறாள். திறக்கவில்லை. உடையில் துடைத்துவிட்டு மறுபடி செருகினாள், திறந்தது. ஊசி போட்டாள், நோயாளி தூங்கினார், சின்னவளும் மறந்துவிட்டாள். ஆனால் லாக்கில் அவள் கார்டு எண்ணுக்கு நேராக 'கையெழுத்து பொருந்தவில்லை' என்று ஒரு வரி விழுந்திருந்தது. மருத்துவமனையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், போலிக் கார்டு. முதலில் நகலைப் போட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை என்றதும் அசலைப் போட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இன்னொரு வார்டில் நகல் கார்டு வைத்து மருந்து திருடிய ஒருவன் சமீபத்தில்தான் பிடிபட்டிருந்தான். சூடு கண்ட பூனைகள், யாரையும் நம்பத் தயாராக இல்லை. மதியம் விசாரணை. பதில் சொல்ல முடியாவிட்டால் போலீஸ். அதோடு நர்ஸ் உரிமமும் போகும்.

"அவ அப்படிச் செய்யிறவளா?" என்று கேட்டேன். எனக்கே கோபம் வந்தது. எவ்வளவு பசித்தாலும் அடுத்தவர் டப்பாவைத் திறக்காத பெண் அது.

அவள் கணினியைத் திறந்து தன் புரோகிராமைப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்புளி, இது அவ தப்பில்ல. என் தப்பு."

மருத்துவமனைக்குப் போகிற வழியில் காரில் விளக்கினாள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அந்த லைப்ரரிக்கு ஒரு குணம் உண்டு. ஏதாவது தவறினால், முடியாது என்று மட்டும்தான் நம்மிடம் சொல்லும். ஏன் முடியவில்லை என்பதைப் பிழை எண்ணாக்கி ஒரு வரிசையில் போட்டுவைக்கும். துண்டுச் சீட்டுகளை ஒரு பெட்டியில் அடுக்குகிற மாதிரி. நாம் போய்க் கேட்டால், இருப்பதில் பழைய சீட்டை முதலில் கொடுக்கும். கேட்காவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். எங்கள் அலமாரியில் ஒரு கார்டு தவறினால் இரண்டு சீட்டு விழும். முதல் சீட்டு உள்ளே எங்கே இடறியது என்று சொல்லும். இரண்டாவது மொத்தத்தில் என்ன ஆனது என்று சொல்லும், எந்தக் கார்டு என்ற குறிப்பும் அதில்தான் ஒட்டியிருக்கும்.

முன்பு அவள் புரோகிராம் பெட்டி காலியாகும்வரை எல்லாச் சீட்டையும் எடுத்து லாக்கில் எழுதிக்கொண்டிருந்தது. ஒண்ணுவிடாம ஆயிற்றே! ஆனால் மருத்துவமனைக்காரர்கள் லாக் நீளமாக இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். எங்கள் மேலாளர் உடனே, "ஒரு தப்புக்கு ஒரு வரி போதும்மா" என்றார். அவள் வாதாடிப் பார்த்து, வெறுத்துப்போய் மாற்றினாள். ஒரு சீட்டை மட்டும் எடு, மீதியைக் கொட்டிவிடு என்று எழுத வேண்டும். எடு என்று எழுதினாள். கொட்டிவிடு என்பது விட்டுப்போயிற்று.

"அப்ப அந்தப் போலிக் கார்டு யாரோடது?"

"நம்மளோடதுதான்! முந்தாநாள் சாயங்காலம் புது வெர்ஷன் போட்டுட்டு, வேணும்னே தப்பான கையெழுத்து வச்ச டெஸ்ட் கார்டு ஒண்ணு செருகிப் பாத்தேன். கதவு திறக்கல, லாக்ல ஒரு வரி வந்துச்சு, திருப்தியா வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டாவது சீட்டு உள்ளயே கிடந்திருக்கு. அதுக்கப்புறம் தவறின முதல் கார்டு சின்னவளோடது. என் சீட்டு வெளிய வந்து அவ பேர்ல ஒட்டிக்கிச்சு. அவளோட உண்மையான சீட்டு ரெண்டும் இன்னும் பெட்டிக்குள்ள இருக்கு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் அக்காவுடையது, பழி தங்கையுடையது. எனக்குத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, ஆறுதல் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் இல்லாமல் ஹாரனை அடித்தேன்.

பயம் என்னவென்றால், அந்தப் பெட்டி இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நினைவில் மட்டும். யாராவது அலமாரியை அணைத்துப் போட்டால் அத்தனையும் போச்சு. இன்னொரு கார்டு தவறினால் சின்னவளின் சீட்டில் ஒன்று வெளியே வந்து வேறு யார் பேரிலோ எழுதப்படும். இரண்டு கார்டு தவறினால் அவளுக்குச் சாட்சியே கிடையாது.

அவள் மருத்துவமனைப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். "சார், தயவு செஞ்சு அந்த அலமாரிய யாரும் தொடாம பாத்துக்குங்க. அணைக்கவும் வேணாம், கார்டு போட்டுப் பாக்கவும் வேணாம்."

"அதெல்லாம் நான் சீல் வச்சுட்டேன்மா. அதுக்கு முன்னாடி மெஷின் வேலை செய்யுதான்னு நானே என் கேட் கார்டப் போட்டுப் பாத்தேன். திறக்கல. நல்லாத்தான் இருக்கு மெஷின்."

"எத்தன தடவ சார் போட்டீங்க?" அவள் குரல் உடைந்துவிட்டது.

"ஒரு தடவதான். ஏன்?"

அவள் போனை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணு போச்சு. ஒண்ணு பாக்கி" என்றாள்.

அடுத்த போன் மேலாளருடையது, கிளம்பும்போது அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தோம். அதையும் ஸ்பீக்கரில் கேட்டேன். "ரெண்டு பேரும் அங்க போய் வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க. பழைய வெர்ஷனப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணிட்டு, கார்டுல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டு வந்துடுங்க. நம்ம தப்புன்னு தெரிஞ்சா இந்த ஒரு ஆஸ்பத்திரி மட்டும் போகாது, எல்லாம் போகும்."

"ரீஸ்டார்ட் பண்ணா என் தங்கச்சிக்கு இருக்கிற ஒரே சாட்சி செத்துடும் சார்" என்று சொல்லி அவளே போனை அணைத்தாள். மேலாளரின் பேச்சை அவள் முடியும்வரை கேட்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

வார்டுக்கு வெளியே நடைபாதை நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். சீருடை இருந்தது, பெயர் அட்டையைக் கழற்றி வாங்கியிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்துட்டல்ல, போதும்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு ஒண்ணுவிடாமவின் முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

அலமாரி இருந்த அறையில் பாதுகாப்பு அதிகாரியும் மேட்ரன் அம்மாவும் நின்றிருந்தார்கள். அதிகாரி கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட முகம்.

"நீங்க அந்தப் பொண்ணோட அக்கான்னு சொன்னாங்க."

"ஆமா சார்."

"அப்ப நீங்க மெஷினத் தொடக் கூடாது. வேலியே பயிர மேஞ்ச கதை ஆயிடும்."

"தொடல சார். இவர் தொடட்டும். நான் வாயால மட்டும் சொல்றேன். ஒவ்வொண்ணும் நீங்க பாருங்க."

இவர் என்றால் நான்! திருகாணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன். கீபோர்டில் ஒற்றை விரலால் குத்துகிற ஆள். ஆனால் அப்போது மறுக்க முடியுமா? அதற்குள் காரில் எனக்குச் சொன்ன சீட்டுக் கதையை அவள் அவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

முதல் கண்டம் என் துறையிலேயே இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் எட்டிப் பார்க்க டீபகர் என்று ஒன்று உண்டு. அது உள்ளே நுழைந்ததும் புரோகிராம் அசையாமல் நின்றுவிடும். எங்கள் போர்டில் ஒரு காவல் சிப் இருக்கிறது, நாங்கள் அதை நாய் என்போம். புரோகிராம் அரை நிமிஷம் பேச்சுமூச்சில்லாமல் இருந்தால், செத்துவிட்டது என்று நினைத்து நாய் எல்லாவற்றையும் முதலிலிருந்து கிளப்பிவிடும். அப்புறம் சீட்டாவது பெட்டியாவது. நாயைக் கட்டிப்போட, போர்டில் நகத்தளவு இருக்கும் ஜம்பர் என்ற இணைப்புத் துண்டைப் பிடுங்க வேண்டும். அதன் பக்கத்துக் கம்பிதான் ரீசெட். இடுக்கி நழுவி அந்தக் கம்பியில் பட்டால், நாய் செய்ய வேண்டியதை நானே செய்துவிடுவேன்.

பின்மூடியைக் கழற்றினேன். மேட்ரன் அம்மா தன் போன் விளக்கை அடித்துக் காட்டினார். நான் இடுக்கியை எடுத்தேன்.

"மெதுவா" என்றாள் அவள்.

"நீ பேசாம இரும்மா" என்று சீறினேன். இடுக்கியை நீட்டினேன். ஜம்பர் வரமாட்டேன் என்றது. இரண்டாவது தடவை பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நான் மூச்சே விட்டேன்.

மடிக்கணினியை இணைத்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் குத்தினேன். டீபகர் உள்ளே போயிற்று, புரோகிராம் நின்றது.

"இப்ப கவனமா கேளுங்க. வரிசையில முதல்ல இருக்கிற பிழை எண்ணைக் கேக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு எடுத்துக் குடுக்கும். இன்னொண்ணு எடுக்காம காட்ட மட்டும் செய்யும். நாம முதல்ல காட்டச் சொல்லித்தான் கேக்கணும். மாத்திப் போட்டுடாதீங்க."

போட்டேன். எண்டரை அழுத்தினேன். திரையில் விடை வந்தது.

பூஜ்யம்.

"பூஜ்யம்னா?" என்றார் அதிகாரி.

"பிழை எதுவும் இல்லைன்னு அர்த்தம்" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்.

அதிகாரி மேட்ரனைப் பார்த்தார். "இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? போதும்மா. விசாரணைக்கு நேரமாச்சு."

வாசலில் நின்றிருந்த சின்னவள் உள்ளே பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நான் தவறாகக் குத்திவிட்டேனோ என்று திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சரியாகவே இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் அலமாரி ஒரு முறை அணைந்து எரிந்திருந்தால்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒண்ணுவிடாம அசையவில்லை. உதடு மட்டும் எதையோ படிப்பது போல அசைந்தது. பிறகு சொன்னாள்: "சார், ஒரு நிமிஷம். இந்த புரோகிராமுக்குள்ள ரெண்டு ஆள் வேலை பாக்கறாங்கன்னு வச்சுக்குங்க. ஒருத்தர் கதவப் பாக்கறவர். இன்னொருத்தர் கார்டப் படிக்கறவர். ஆளுக்கு ஒரு பெட்டி, தனித்தனி. இவர் போய்க் கதவுக்காரர் பெட்டியத் திறந்து பாத்துட்டார். அது காலியாத்தான் இருக்கும். கார்டுக்காரர்கிட்ட கேக்கணும்."

"இன்னும் எத்தன பெட்டிம்மா இருக்கு?"

"அது ஒண்ணுதான் சார். அதுலயும் பூஜ்யம் வந்தா நான் எதுவும் பேச மாட்டேன். நீங்க உங்க வேலையப் பாக்கலாம்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மேட்ரன் அம்மாதான், "பாத்துடுவோமே" என்றார்.

கார்டுக்காரரின் த்ரெட்டுக்கு மாற்றச் சொன்னாள். மாற்றினேன். அதே கேள்வியை மறுபடி குத்தினேன். எண்டரின் மேல் விரலை வைத்துவிட்டு, அழுத்த மனம் வராமல் அவளைப் பார்த்தேன். "அழுத்துங்க" என்றாள்.

நீளமாக ஒரு எண் வந்து விழுந்தது.

"இது என்ன, போன் நம்பரா?" என்றார் அதிகாரி.

"பிழை எண் சார். இதச் சொல்லா மாத்தற கட்டளையும் அந்த லைப்ரரியிலயே இருக்கு. அதோட கூட ஒட்டியிருக்கிற குறிப்பையும் கேக்கலாம்." அவள் சொல்லச் சொல்லக் குத்தினேன். திரையில் வந்த வரியை மேட்ரன் அம்மாவே வாய்விட்டுப் படித்தார். கார்டை முழுதாகப் படிக்க முடியவில்லை, தகவல் பாதியில் நின்றுவிட்டது. குறிப்பில் கார்டு எண். அந்த எண்ணைப் படிக்கும்போது அவர் குரல் மாறியது.

"இது நம்ம பொண்ணு கார்டுதான்."

சின்னவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

அதிகாரி விடவில்லை. அவர் வேலை அது. "பாதியில நின்னுதுன்னா நிக்கட்டும். லாக்ல போலின்னுதானே இருக்கு? நான் எத நம்பறது? இந்த மெஷின எழுதினது நீங்க, மாட்டியிருக்கிறது உங்க தங்கச்சி. என்ன வேணா வரவழைப்பீங்க."

"சரி சார். உங்க கார்டுக்கு லாக்ல என்ன எழுதியிருக்கு, பாத்தீங்களா?"

மேட்ரன் லாக்கைப் பார்த்துச் சொன்னார். தகவல் குறைவு.

"உங்க கார்டு ஈரமா இருந்துச்சா? பாதியில பிடுங்கினீங்களா?"

"இல்லையே. நல்லா அழுத்தித்தான் வச்சேன்."

"அது இவளோட முதல் சீட்டு. உங்க பேர்ல விழுந்திருக்கு. உங்களோடது இன்னும் உள்ள இருக்கு. திருப்புளி, இப்ப இருக்கறத ஒவ்வொண்ணா வெளிய எடுங்க."

எடுத்தேன். சின்னவளின் சீட்டு வந்தது, மேட்ரன் அம்மா படம் எடுத்துக்கொண்டார். அடுத்தது, உள்ளே எங்கோ இடறியதாகச் சொன்னது. மூன்றாவது வரி வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். கையெழுத்து பொருந்தவில்லை. குறிப்பில் அதிகாரியின் கேட் கார்டு எண்.

அவர் தன் கழுத்தில் தொங்கிய கார்டைத் தூக்கி எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்ப... நான் போலியா?"

"உங்க கார்டு இந்த அலமாரிக்கானது இல்ல சார், அதனால அப்படிச் சொல்லுது. ஆனா இத எடுக்காம விட்டிருந்தா, இன்னும் ரெண்டு மூணு கார்டு தவறினதும், இந்த வரி வேற ஒரு நர்ஸ் பேர்ல விழுந்திருக்கும். என் டெஸ்ட் கார்டோட வரி இவ பேர்ல விழுந்த மாதிரி."

கஞ்சி முகம் கொஞ்சம் தளர்ந்தது. "விசாரணை வேணாம்னு நான் எழுதிக் குடுத்துடறேன்" என்று மேட்ரனிடம் சொன்னார். பிறகு இவளிடம் திரும்பி, "ஆனா ஒண்ணு கேக்கணும். மீதியக் கொட்டாம விட்டது யாரும்மா?" என்றார்.

மேலாளர் அங்கே இருந்திருந்தால் இருமியிருப்பார். லைப்ரரியின் குணம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. "நான்தான் சார். என் புரோகிராம். அந்த டெஸ்ட் கார்டும் என்னோடது" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். அதுவரை அவளுக்கு அது உறைக்கவில்லை. அக்கா வந்து காப்பாற்றினாள் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மேட்ரன் அம்மா கொண்டுவந்து கொடுத்த பெயர் அட்டையை வாங்கிக்கொண்டாள், குத்திக்கொள்ளவில்லை. நேராக அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"வார்டே பாத்துச்சுக்கா. நான் புண்ணுக்குக் கட்டு மாத்திவிட்ட ஒரு பெரியவர், என்னப் பாத்ததும் தன் பர்ஸ எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டார்."

"தெரியும்டி. மன்னிச்சுடு."

"உனக்குத் தெரியாது." குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு நீ இருந்த. உனக்கு அந்தப் பெட்டி எங்க இருக்குன்னு தெரிஞ்சுது, ஓடி வந்த. இந்த அலமாரி வேற எங்கெல்லாம் இருக்கு?"

ஒண்ணுவிடாம உடனே போனை எடுத்தாள். புது வெர்ஷனை நாங்கள் அந்த வாரம் வேறு மருத்துவமனைகளிலும் போட்டிருந்தோம். எல்லா இடத்திலும் அவளே போய், அதே டெஸ்ட் கார்டைச் செருகிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தங்கையின் நினைப்பில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

நடைபாதைக்கு வந்து நின்று ஒவ்வொரு இடமாகப் போன் செய்தாள். இடையில் மேலாளர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், என் போனிலும் கூப்பிட்டார். நான் எடுத்தேன். "அவங்க கேக்காம நாம ஏன்யா போய்ச் சொல்லணும்?" என்றார். "சார், கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் அங்கேயே இருக்கட்டும்.

முதலில் கேட்ட இடங்களில் ஒன்றும் இல்லை. அலமாரியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவைத்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் மருந்தாளுநர் எடுத்தார், அவர் சத்தமாகப் பேசியது எனக்கும் கேட்டது.

"ஆமாம்மா, நேத்து ஒண்ணு வந்துச்சு. போலிக் கார்டுன்னு. இங்க ஆயாவா இருந்த அம்மா, மருந்து எடுத்துக் குடுக்க கார்டு குடுத்திருந்தோம். தெரியாது தெரியாதுன்னு அழுதாங்க. உடனே அனுப்பிட்டாங்க. அப்புறம் மெஷின ஒரு தடவ அணைச்சுப் போட்டோம். இப்ப நல்லா வேலை செய்யுது, நீங்க கவலைப்பட வேணாம்."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அணைத்துப் போட்டுவிட்டார்கள். பெட்டி இல்லை, சீட்டு இல்லை, எண் இல்லை. அந்த அம்மாவின் பெயரில் லாக்கில் ஒரு வரி மட்டும் நிற்கும், எங்கள் வரி.

"அந்த அம்மா வீடு எங்க இருக்கு? சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் எதற்கு என்று கேட்டார். "அது போலி இல்ல. அத எழுதினது நான். அவங்ககிட்டயும் உங்க பெரியவங்ககிட்டயும் சொல்லணும்" என்றாள். இன்னும் ஏதோ கேட்டார். "இல்ல, ஆதாரம் எதுவும் இல்ல. நான் சொல்றதுதான்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குப் பிறகும் பல நாள் சரியாகப் பேசவில்லை. ஆனால் பெயர் அட்டையை அப்போதுதான் நெஞ்சில் குத்திக்கொண்டாள். மேட்ரன் அம்மாவிடம் போய் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள்.

"நானும் வரேன். அழுதவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு உனக்குத் தெரியாது" என்றாள்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல், தப்பு எங்களுடையது என்று சொல்வதற்காக மட்டும், மூன்று பேரும் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிக் கிளம்பினோம்.